ஓடையைத் தாண்டிய ஒயர்

"உங்கள் பெட்டிக்குத் தொலைபேசி இணைப்பு இல்லை. உடனே கீழ்க்கண்ட எண்ணுக்கு ஃபோன் செய்யவும்." டிவித் திரையின் அடியில் இப்படி ஒரு நீலப் பட்டை வரும். ஃபோன் இல்லை என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் ஃபோன் பண்ணு என்கிறது! இதை எழுதிய புண்ணியவான் எந்த ஊர் மாடியில் உட்கார்ந்து எழுதினானோ தெரியாது. கால் சென்டரில் வெர்னா ஸ்டிடமும் மற்றவர்களும் சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம் வரைக்கும் வெர்னாவுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கிழக்கு கென்டக்கி மலையிடுக்குகளில் ஆன்டெனாவைத் தூக்கி வைத்தால் பூச்சிதான் பறக்கும், படம் வராது. கேபிள்காரன் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் வீட்டுக்கு வீடு கூரையில் டிஷ் இருக்கும். கூரையே ஒழுகினாலும் டிஷ் இருக்கும். வெர்னா இருந்த கேன்ட்ரில் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான்.

சட்டைக் கம்பெனி இழுத்து மூடிய பிறகு அதே கட்டடத்தில், அதே விளக்குகளுக்கு அடியில், டிஷ் கம்பெனியின் கால் சென்டர் வந்தது. பத்தொன்பது வருஷம் காலர் தைத்த இடத்திலேயே வெர்னா ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவன் ஓஹையோவுக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே வேறு ஒருத்தியையும் தேடிக்கொண்டான். பிள்ளை கிடையாது. அவளுக்கென்று மிச்சமிருந்தது அண்ணன் ஹோபர்ட் ஒருவன்தான்.

ஃபோன் ஒயர் பழுதைக் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பெனி கொடுத்த தாளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள், கிளிக்கென்று சத்தம் கேட்டதா? பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். மீதிப் பேருக்கு வெர்னா தாளைப் பார்ப்பதே இல்லை, காதைத்தான் தீட்டிக்கொள்வாள்.

"ஐயா, நீங்க பேசுறதுக்குப் பின்னாடி தவளை கத்துற மாதிரி இரைச்சல் கேக்குது. அங்க மழையா?"

"மூணு நாளா ஊத்துதும்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கம்பத்துப் பெட்டியில தண்ணி எறங்கிருக்கு. ஃபோன்காரனக் கூப்பிட்டு ரெண்டு திட்டுத் திட்டுங்க. டிவிப் பெட்டியத் திட்டாதீங்க, அது பாவம்."

இன்னொருத்தருக்கு, "ஒயர் முனையில பிளாஸ்டிக் கிளிப்பு ஒண்ணு இருக்கும், ஒடஞ்சிருக்கா? ஒடஞ்சா ஒயரையே மாத்திடுங்க. டேப்ப சுத்தி வெச்சிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. இன்னைக்கு நிக்கும், நாளைக்குக் கழண்டுக்கும்," என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லியிருப்பாள்.

இந்தப் பெட்டிக்கு ஃபோன் ஒயர் எதற்கு என்பதைச் சொல்லிவிடவேண்டும். மாதச் சந்தா ஒன்று கட்டினால், கூடச் சொற்பக் காசுக்கு இரண்டாவது பெட்டியும் கொடுப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஊர் உறங்கும் நேரத்தில் பெட்டியே ஃபோனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசும். எந்த நம்பரிலிருந்து பேசுகிறது என்று கம்பெனி பார்த்துக்கொள்ளும். இரண்டு பெட்டியும் ஒரே நம்பரிலிருந்து பேசினால் ஒரே வீடு. இல்லையென்றால் திருட்டு.

கேன்ட்ரில் பள்ளத்தாக்கில் யார் வீடு எங்கே முடிகிறது? அம்மா வீட்டு முற்றத்தில் மகனின் டிரெய்லர், அதாவது சக்கரம் வைத்த தகர வீடு, நிற்கும், ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணனின் டிரெய்லர் நிற்கும். எல்லாரும் ஒரே அடுப்பில் வெந்த பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுகிறவர்கள். அப்புறம் என்ன இரண்டு வீடு? ஆகவே இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஃபோன் ஒயரை இழுத்துவிட்டார்கள். மரத்துக்கு மரம் கட்டி, வேலிமேல் ஓட்டி, ஓடையைத் தாண்டி. பெட்டி அங்கே, நம்பர் இங்கே. கம்பெனிக்கு ஒரே வீடு!

வெர்னாவும் ஹோபர்ட்டுக்கு அப்படித்தான் இழுத்திருந்தாள். ஹோபர்ட் இருபத்தேழு வருஷம் சுரங்கத்துக்குள் போய் வந்தவன். நுரையீரல் பூராவும் கரித்தூசி. அதற்கான பென்ஷனைக் கேட்டு மூன்று தடவை மனுப் போட்டான். சிகரெட்டால் வந்தது என்று எழுதிக் கொடுக்கச் சுரங்கக் கம்பெனி டாக்டர் ஒருவன் தயாராக இருந்தான், நாசமாய்ப் போகிறவன். ஹோபர்ட் ஜன்மத்தில் சிகரெட்டைத் தொட்டதில்லை. டிரெய்லருக்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் மூச்சு மெஷின் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். அதற்கு ஆகிற மின்சாரக் கட்டணம் வெர்னாவின் சம்பளத்திலிருந்து போயிற்று.

அந்த ஒயர் டிவிக்கு மட்டுமில்லை. அவனுக்குத் தனி ஃபோன் கிடையாது. ஓடையைத் தாண்டி வந்த ஒயர் டிவிக்குப் பின்னால் இரட்டைச் சொருகி ஒன்றில் ஏறும். அதிலிருந்து ஒரு கிளை பெட்டிக்கு, இன்னொரு கிளை நாற்காலி ஓரத்தில் இருந்த பழைய ஃபோனுக்கு. மூச்சு முட்டினால் ஆம்புலன்சைக் கூப்பிட அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வெர்னா ஆபீசிலிருந்து தன் வீட்டு நம்பரையே கூப்பிடுவாள். அவள் வீட்டில் ஆள் இருக்காது. மணி ஓடைக்கு அந்தப் பக்கமும் அடிக்கும், ஹோபர்ட் எடுப்பான்.

"உயிரோடதான் இருக்கியா?"

"இல்ல, செத்துட்டேன். பேசுறது ஆவி. பீன்ஸுல உப்பு போட மறந்துட்டன்னு சொல்லத்தான் திரும்பி வந்தேன்."

இரட்டைச் சொருகியில் ஏறும் ஒயர் முனையில் கிளிப் உடைந்திருந்தது. அவசரத்துக்கு எங்கோ கிடந்த பழைய துண்டை ஒட்டுப்போட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றி அழுத்தி வைத்தவள் வெர்னாதான். "நாளைக்கு ஆபீஸ்ல இருந்து புது ஒயர் எடுத்துட்டு வரேன்" என்று சொன்னாள். ஆபீசில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அந்த 'நாளை' ஒன்றரை வருஷமாக வரவில்லை.

கெட்டிக்காரி என்பதற்காக அவளைத் தூக்கிச் சரிபார்ப்புப் பிரிவில் போட்டார்கள். ஒயர் சொருகத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தவள், இனி ஒயர் எங்கே போகிறது என்று துப்பறிய வேண்டும். காலையில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் வரும். பத்து நாளாகப் பேசாத பெட்டிகள், வேறு நம்பரிலிருந்து பேசிய பெட்டிகள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெட்டியின் திரையிலும் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லவேண்டும். அடுத்த அறைக்குப் போய்ப் படித்து வர இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள். அதற்குள் படிக்காவிட்டால் பெட்டியை அங்கேயே நிறுத்திவிடுவது. பேசுவது எல்லாம் டேப்பில் ஏறும்.

மூன்றாவது வாரம் பட்டியலில், பெட்டி பத்து நாளாகப் பேசவில்லை என்று, ஓபல் கூச் என்று ஒரு பெயர் வந்தது. ஓபல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருப்பவள். அவள் புருஷன் ஹோபர்ட்டோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து அவனுக்கு முன்னாலேயே இருமிச் செத்தவன். அவளது இரண்டாவது பெட்டி மகனுடைய டிரெய்லரில் இருந்தது. அந்த ஒயரை இழுக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே வெர்னாதான்.

வேறு யாரிடமாவது அந்த அழைப்பைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. சரிபார்ப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, மேற்பார்வை செய்யும் ட்ரென்ட் என்ற பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் பயந்துவிட்டாள்.

"வணக்கம் மேடம். உங்க ரெண்டாவது பெட்டித் திரையில இருக்குற எண்ணப் படிக்க முடியுமா?"

"வெர்னா? ஏய், நீயா?"

"மேடம், எண்ணப் படிச்சிங்கன்னா..."

"என்னடி மேடம்? பெட்டி எம் மவன் வீட்டுல இருக்குன்னு உனக்குத் தெரியாதா? போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல எம் பக்கத்துல உக்காந்துதான பாட்டுப் பாடுன?"

"உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு மேடம்."

"வெக்கங்கெட்டவளே!" என்றாள் ஓபல். ஃபோனை வைத்துவிட்டாள். வெர்னா பெட்டியை நிறுத்தினாள்.

செய்தி ஓடைத் தண்ணீரைவிட வேகமாகக் கீழே வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு, வழக்கம்போல அண்ணன் வீட்டைக் கூட்டிப் பெருக்க வெர்னா போனபோது, ஹோபர்ட் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"ஓபல் பெட்டிய நீதான் நிறுத்துனியாமே?"

"நான் நிறுத்தல அண்ணே. கம்பெனி நிறுத்துச்சு."

"கம்பெனிக்கு ஏது வாயி? ஃபோன்ல கேட்டது ஒன் கொரலு."

"பேசுறது அத்தனையும் டேப்புல ஏறுது. பின்னாடி ஆளு நிக்கிறான். என்ன என்னதான் பண்ணச் சொல்ற?"

"லைன் கட்டாயிடுச்சுன்னு வெச்சிருக்கலாம்ல? லைன் கட்டாவுறதுல ஒன்ன விடப் பெரிய படிப்பாளி யாரு இருக்கா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. வாரியலை டிவி மேசைக்கு அடியில் விட்டு இழு இழு என்று இழுத்தாள். "நல்லாப் பேசு. நீ பாக்குறதும் திருட்டுப் பெட்டிதான், தெரிஞ்சுக்க. ஒன் மெஷினுக்குக் கரண்ட்டு பில்லு கட்டுறதும் அந்த வெக்கங்கெட்ட வேலதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஹோபர்ட் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டான். மூச்சு வாங்கி முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப என் பெட்டியையும் நிறுத்திடு. மெஷினையும் நிறுத்திடு. நான் செவத்தப் பாத்துட்டு உக்காந்துக்கிறேன்."

"இப்ப எதுக்கு இப்படிப் பேசுற?"

"போ வெர்னா. நான் கூப்புடுற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு, ஒரே அப்பனுக்குப் பிறந்தது அல்லவா? அவள் வாரியலைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஹோபர்ட்டின் டிவியில் நீலப் பட்டை வந்தது. அது அவளுக்குத் தெரியாது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் ஃபோன் பண்ணவில்லை. புதன்கிழமை மனசு கேட்காமல் மத்தியானம் வீட்டு நம்பரைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டான், கோபம் இன்னும் மூக்குமேல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடித்த மணி அவளுடைய காலி வீட்டில் மட்டும்தான் அடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேறு யாராவது வந்து இதையே சொல்லியிருந்தால், "மணி அடிச்சா ரெண்டு முனையும் சரின்னு அர்த்தமில்லீங்க" என்று அந்த நொடியே சொல்லியிருப்பாள்.

வேலை முடிந்து வந்து அடுக்களை ஜன்னலில் நின்றால், ஓடைக்கு அந்தப் பக்கம் ஹோபர்ட்டின் டிவி வெளிச்சம் திரைச்சீலையில் ஆடுவது தெரியும். ம், கார் பந்தயம் பார்க்கிறான், தொரைக்கு என்ன குறை, என்பாள். மேல்கோடியிலிருந்து ஓபல் மூடிபோட்ட பாத்திரத்தோடு அவன் வீட்டுக்குள் போவதையும் ஒரு நாள் பார்த்தாள். அது அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்கு வாசல்படி கிடையாது, அவளுக்கு உண்டா? போ, நீயே வந்து கூப்பிடு.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு வெர்னா பட்டியலைத் திறந்தாள். ஏழாவது வரியில் அவள் பெயரே இருந்தது. "ஸ்டிடம், வெர்னா. பெட்டி இரண்டு. பத்து நாட்களுக்கு மேலாக அழைப்பு இல்லை."

போன மாதம்தான் பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி அட்டைப்பெட்டியில் சாமான்களை அள்ளிக்கொண்டு, காவலாளி பின்தொடர, அழுதுகொண்டே வெளியே போனாள். மாமியார் வீட்டில் பெட்டி வைத்திருந்தாளாம், பட்டியலில் மாட்டிக்கொண்டாளாம் என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டார்கள். நமக்கும் அதே கதிதான். சம்பளம் போனால் அண்ணன் மெஷினுக்கு மின்சாரம்? அவள் நினைத்ததெல்லாம் அவனுக்காகத்தான். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

பெட்டி பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒயரில் உயிர் இல்லை என்று அர்த்தம். ஒயரில் உயிர் இல்லை என்றால் அந்த ஒயரிலேயே தொங்குகிற ஃபோனுக்கும் உயிர் இல்லை. எட்டாயிரம் பேருக்கு எட்டாயிரம் தடவை இதை விளக்கியவள் அவள். அன்றைக்கு அந்த வரியைப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது வேலை ஒன்றுதான். ஃபோன் நினைவுக்கே வரவில்லை.

ட்ரென்ட் காப்பி எடுக்கப் போயிருந்தான். வெர்னா அந்த வரியின் ஓரத்தில் இருந்த கட்டத்தைத் திறந்து, "வாடிக்கையாளரிடம் பேசிச் சரிபார்க்கப்பட்டது" என்று இருந்ததை அழுத்தினாள். வரி மறைந்துவிட்டது. அடுத்த பத்து நாளைக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை ஒயரைப் பார்த்துவிடலாம், எங்கோ அணில் கடித்திருக்கும், என்று முடிவு பண்ணிக்கொண்டாள். சாயங்காலம் போகும்போது மூட்டையிலிருந்து ஒரு புது ஒயரை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளியும் சனியும் ஜன்னலில் டிவி வெளிச்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகாமல் குறடும் டேப்பும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அண்ணனைப் பார்க்கப் போகவில்லை, ஒயரைப் பார்க்கப் போகிறேன், அதற்கு வாசல்படி மிதிக்க வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையை முறைப்படிதான் செய்தாள். முதலில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் இணைப்பு. சரியாக இருந்தது. அடுத்து வேலியோரம். ஓடைமேல் தொங்கும் பகுதியைக் கையால் தடவிக்கொண்டே மரப்பாலத்தில் நடந்தாள். கடி இல்லை, வெட்டு இல்லை. பாப்லர் மரத்தில் ஏணி சாத்தி ஏறி அங்கே இருந்த ஒட்டைப் பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றினாள். ஹோபர்ட்டின் கதவுக்குப் பத்தடி தள்ளி முக்கால் மணி நேரம் இப்படி ஒயரைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆள் நடமாடுவது அவனுக்குக் கேட்காமல் இருக்காது, வந்து எட்டிப் பார்க்கிறானா பார், கல்நெஞ்சக்காரன், என்று முனகிக்கொண்டாள்.

வெளியே பழுதே இல்லை என்றால் பழுது உள்ளேதான். கதவைத் தட்டினாள்.

"அண்ணே! ஒயரப் பாக்க வந்தேன். ஒன்னப் பாக்க இல்ல. கதவத் தொற."

பதில் இல்லை. கதவு எப்போதும்போலத் தாழ் போடாமல்தான் இருந்தது.

நாற்காலியில்தான் இருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் மூக்கில் இல்லை, கழுத்தில் கிடந்தது. மடியில் அந்தப் பழைய ஃபோன். பேசும் பாகம் வலது கைக்குள் இருந்தது, விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. எதிரே டிவித் திரையில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே நீலப் பட்டை. உங்கள் பெட்டிக்குத் தொலைபேசி இணைப்பு இல்லை. உடனே கீழ்க்கண்ட எண்ணுக்கு ஃபோன் செய்யவும்.

"ஐயோ அண்ணே" என்று அவள் சொன்னது எத்தனை தடவையோ. ஆளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியபோது அவன் கையிலிருந்து ஃபோனை விடுவித்துக் காதில் வைத்தாள். கல்லைக் காதில் வைத்ததுபோல் இருந்தது. அவள் கை, தன் பழக்கத்தில், ஒயரைப் பிடித்துக்கொண்டே டிவிக்குப் பின்னால் போயிற்று. முனை தரையில் கிடந்தது. டேப் நைந்து பிரிந்திருந்தது. பக்கத்தில் வாரியல் இழுத்த கோடு தூசியில் இன்னும் அழியாமல் இருந்தது. மேசைக்கு அடியில் அப்படி இழு இழு என்று இழுத்தவள் வேறு யார்?

பையிலிருந்த புது ஒயரைப் பிரித்து இரட்டைச் சொருகியில் சொருகினாள். கிளிக்கென்றது.

ஃபோனைக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. கிரீச் கிரீச்சென்று ஒரு ஓலம். பெட்டி முந்திக்கொண்டது. பதினாலு நாள் பேசாமல் இருந்ததற்கு எல்லாவற்றையும் கம்பெனியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அது பேசி முடிக்கும்வரை வெர்னா கையில் ஃபோனோடு அண்ணன் பக்கத்தில் மண்டிபோட்டுக் காத்திருந்தாள். பெட்டியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அது முடித்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

வந்தவர்கள் பார்த்துவிட்டு, வியாழன் சாயங்காலம் போயிருக்கும், வெள்ளியாகவும் இருக்கலாம் என்றார்கள். வெர்னா வியாழன் என்ற சொல்லை மட்டும் கேட்டாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழறையில் சாப்பாடு போட்டார்கள். ஓபல் ஒரு தட்டில் கோழியும் பிஸ்கட் ரொட்டியும் வைத்து எடுத்துவந்து வெர்னாவின் முன்னால் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"நான் பாத்திரத்தோட போன அந்தப் புதன்கெழம அவன் என்கிட்ட சொன்னான்," என்றாள். "ஃபோன் செத்துக் கெடக்கு ஓபல், வெர்னாவப் பாத்தா சொல்லுன்னான்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவகூட எனக்குப் பேச்சு இல்லன்னேன். சிரிச்சான். எனக்கும்தான் இல்லன்னான்." ஓபல் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "ஒரு காயிதத்துல எழுதி ஒன் கதவுல சொருகிட்டுப் போயிருக்கலாம். எனக்கு மனசு வரல. ஒன்னத் தண்டிக்கணும்னு இருந்துச்சு."

"சரி," என்றாள் வெர்னா.

"என்னடி சரி? திட்டேன்!"

"ஒன்னத் திட்ட எனக்கு எங்கிருக்கு வாயி?"

ஓபல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோழி ஆறிப்போயிற்று.

மறு வாரம் வெர்னா வேலைக்குப் போனாள். ட்ரென்ட் எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தான். இருபத்தாறு வயசுப் பையன், துக்கம் விசாரிக்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சரிபார்ப்புல இப்ப உக்கார வேணாம் வெர்னா. கொஞ்ச நாளைக்குப் பழைய சீட்டுலயே இருங்க. ஒயர் பிரச்சினை மட்டும் எடுங்க."

"ட்ரென்ட், எங்கணக்குல ரெண்டாவது பெட்டிய எடுத்துடணும்."

அவன் தன் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினான். பச்சை நிறத்தில் வந்தது. "நல்லாத்தான இருக்கு? ரெண்டு பெட்டியும் ஒரே நம்பரு. கடைசியாப் பேசினது ஞாயித்துக்கெழம. பழுது எதுவும் இல்ல. எதுக்கு எடுக்கணும்?"

வெர்னா சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். இனி யாருக்காக இந்த வேலை? "அது எங்க வீட்டுல இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கண்ணன் வீட்டுல இருந்துச்சு. நான்தான் ஒயர இழுத்தேன். பட்டியல்ல எம் பேரு வந்தப்ப, பேசிச் சரிபாத்துட்டேன்னு அமுத்திட்டேன். நீங்க காவலாளியக் கூப்புடலாம்."

ட்ரென்ட் கலவரப்பட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அட, இதுக்கா? வேலை செய்றவங்க கணக்க நாங்க பாக்குறதே இல்ல வெர்னா. இங்க பாதிப் பேரு அப்படித்தான் வெச்சிருக்காங்க. பட்டியல்லேர்ந்து அந்தப் பேருங்கள எடுக்க கம்ப்யூட்டருக்குத் தெரியல, அதான் வருது. வந்தா விட்டுடணும். ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"போன மாசம் அந்தப் பொண்ண அனுப்புனீங்களே?"

"அவளா? அவ வராத நாளுக்கெல்லாம் வந்ததா கார்டு போட்டா. பெட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

வெர்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "பெட்டிய எடுத்துடறேன். காரணம் ஒண்ணு போடணும். வீடு மாத்திட்டீங்கன்னு போட்டுடவா?"

"ஃபோன் ஒயர் சொருகலன்னு போடுங்க," என்றாள் வெர்னா.

பழைய சீட்டில் போய் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். மாட்டிய உடனே ஒரு அழைப்பு வந்தது. ஏதோ ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வயசான ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"அம்மா, டிவியில கீழ ஒரு நீலப் பட்டை வருது. ரிமோட்ட அமுக்குனாப் போயிடுது, அப்புறம் திரும்பி வருது. அப்படியே அமுக்கி அமுக்கி விட்டுட்டாப் பரவாயில்லையா?"

அவர் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றார்.

"விடாதீங்க ஐயா," என்றாள். "பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஒயர் இருக்கும். அதப் புடுங்கி மறுபடி சொருகுங்க. அவசரமில்ல, நான் இருக்கேன். கிளிக்குன்னு சத்தம் கேட்டுச்சா?"